இஸகாயாவில் ஓர் இரவு உணவு

டோக்கியோ நகரில் மாலை 6 மணிக்கு மேல் ஏதேனும் ஓர் இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள். பக்கத்துச் சந்துகளில் சிவப்புக் காகிதக் கூண்டுகளுக்குள் விளக்குகள் எரிந்து கொண்டிருக்கும். கூண்டு தொங்கும் வாசலில் ஒரு துணித் திரை பாதிக் கதவை மறைத்திருக்கும். உள்ளேயிருந்து கோழி வாட்டும் மணமும் பலர் சேர்ந்து சிரிக்கும் ஓசையும் வரும். அதுதான் இஸகாயா. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் நண்பர்களோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசி, உண்டு, குடித்துவிட்டுச் செல்லும் இடம்.

'இ' என்றால் இருத்தல். 'சகாயா' என்றால் சாக்கே என்னும் அரிசி மது விற்கும் கடை. எடோ காலத்தில், அதாவது 1603-க்கும் 1868-க்கும் இடையில், மது வாங்க வந்தவர்களில் சிலர் வாங்கியதைக் கடையிலேயே அமர்ந்து குடிக்கலாயினர். சும்மா குடிப்பானேன் என்று கடைக்காரரும் தொட்டுக் கொள்ள ஏதாவது சமைத்துக் கொடுத்தார். நாளடைவில் மதுவை விட அந்தத் தொடுகறிகளுக்கே கடைகள் பெயர் பெற்றன.

பள்ளி மாணவராகிய உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஜப்பானில் 20 வயது நிரம்பாதவர்கள் மது அருந்தச் சட்டம் இடம் தருவதில்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் வயது வந்தோர் என்பதற்கான எல்லையை 20-லிருந்து 18-ஆகக் குறைத்தார்கள். அப்போதும் மதுவுக்குரிய வயதில் கை வைக்கவில்லை. ஆனால் பெற்றோருடன் வரும் பிள்ளைகளைப் பல இஸகாயாக்கள் வரவேற்கின்றன. ஆகவே உங்கள் கையில் ஊலாங் தேநீர்க் கோப்பை ஒன்றைக் கொடுத்து உட்கார வைக்கிறேன். நமக்கு வேண்டியது அந்த மேசையின்மேல் வரப்போகும் சிறு சிறு தட்டுகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் உயிரியலும் இருக்கின்றன.

உட்கார்ந்தவுடன் கை துடைக்க ஈரத் துணி வரும். அடுத்து, நீங்கள் கேட்காத ஒரு சிறு கிண்ணம் வரும். அதற்கு 'ஓடோஷி' என்று பெயர். கேட்காமலே வந்ததே, இலவசம் போலும் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அதன் விலை கணக்கில் ஏறும். உட்காரும் இடத்துக்கு வாடகை என்று வைத்துக் கொள்ளுங்கள். மற்றபடி, பரிமாறுகிறவருக்குத் தனியே பணம் வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. வைத்துவிட்டு எழுந்தால், மறந்து விட்டீர்களென்று எண்ணி வாசல் வரை ஓடி வந்து திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

முதல் தட்டு பெரும்பாலும் எடமாமே. உப்பு நீரில் வேகவைத்த பச்சைச் சோயா மொச்சை. பால் பிடித்து முற்றுவதற்கு முன்பே பறித்தவை. காயை வாயில் வைத்து விரலால் அழுத்த, பருப்பு வழுக்கிக் கொண்டு உள்ளே போகும்; தோலைத் தட்டின் ஓரம் போட வேண்டும். சுவையாயிருக்கிறதே என்று தோட்டத்தில் பச்சையாகப் பறித்துத் தின்றுவிடக் கூடாது. சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்ற ஒரு புரதம் உண்டு. நம் குடலில் புரதத்தைச் செரிக்கச் செய்யும் டிரிப்சின் நொதியை அது கட்டிப் போட்டுவிடும். வெந்நீரின் சூட்டில் அதன் உருவம் குலைந்து செயலற்றுப் போகிறது. வேகவைப்பது மெல்வதற்கு எளிதாக இருக்க மட்டும் அன்று.

அறுசுவைக்கு வெளியே ஒரு சுவை

அடுத்து வருவது மூடி போட்ட சிறு கிண்ணம். திறந்தால் ஆவியில் வெந்த முட்டைப் பாகு, நம் கடற்பாசி ஜெல்லியைப் போல் ஆடும். இதன் பெயர் சவான்முஷி. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வையுங்கள். இனிப்பா? இல்லை. புளிப்பா? இல்லை. உப்பு இலேசாக இருக்கிறது. ஆனால் சுவை அது மட்டும் அன்று. வாய் முழுதும் பரவி, விழுங்கிய பின்னும் நாவில் தங்கி நிற்கும் ஒன்று இருக்கிறது. அதற்கு என்ன பெயர்?

நாம் இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கசப்பு என ஆறு சுவை சொல்லுவோம். உடலியல் நூல்கள் நெடுங்காலம் நான்கையே ஒப்புக் கொண்டன. கார்ப்பு என்பது சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை. துவர்ப்பு பெரும்பாலும் எச்சிலிலுள்ள புரதங்கள் திரிந்து நாக்கு உலர்வது போல் தோன்றும் தொடு உணர்வு. எஞ்சிய நான்குதான் நாக்கின் சுவை மொட்டுகளுக்கு உரியவை என்றனர். இந்த நான்கோடு ஐந்தாவதைச் சேர்க்க வேண்டும் என்று 1908-இல் சொன்னவர், டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராயிருந்த கிக்குனே இக்கேடா.

ஜப்பானியச் சமையலுக்கெல்லாம் அடிப்படை 'டாஷி' என்ற சாறு. அதில் போடும் முதற் பொருள் கொம்பு. நம் மாட்டுக் கொம்பு அன்று. குளிர்ந்த வடகடலில் வளரும் ஒரு பெரிய பழுப்புக் கடற்பாசியின் பெயர் அது. காய்ந்த கொம்புத் துண்டை நீரில் ஊறவைத்துச் சூடாக்கி எடுத்துவிடுவார்கள். பாசியை உண்பதில்லை, நீர்தான் வேண்டும். அந்த நீரில் கரைந்திருக்கும் எது இந்தச் சுவையைத் தருகிறது என்று இக்கேடா ஆராயத் தொடங்கினார். ஏறக்குறைய 12 கிலோ கொம்பை எடுத்து, வடித்து, உப்புகளை நீக்கி, படிகமாக்கி, கடைசியில் சுமார் 30 கிராம் வெண்பொருளைப் பெற்றார். அது புதிய பொருள் அன்று. 1866-இலேயே ரிட்ஹௌசன் என்ற ஜெர்மானியர் கோதுமைப் புரதத்திலிருந்து பிரித்தெடுத்துப் பெயரும் வைத்திருந்த குளூட்டாமிக் அமிலம். ஆனால் அதன் உப்புக்கு இப்படி ஒரு சுவை உண்டென்றும், அது தனிச் சுவையென்றும் உணர்ந்தவர் இக்கேடாதான். 'உமாமி' என்று பெயரிட்டார். சுவையாயிருக்கிறது என்னும் பொருள் கொண்ட எளிய ஜப்பானியச் சொல்லிலிருந்து எடுத்த பெயர்.

இக்கேடாவுக்கு ஓர் ஆசை இருந்தது. ஜெர்மனியில் படித்த நாட்களில் அந்நாட்டாரின் உடற்கட்டைப் பார்த்து வியந்தவர் அவர். எளிய மக்களின் உப்புச் சப்பற்ற உணவையும் சுவையுள்ளதாக்கினால் அவர்கள் நன்றாக உண்பார்கள், உடல் தேறும் என்று நம்பினார். 1909-இல் மானோ சோடியம் குளூட்டமேட், கோதுமைப் புரதத்தை அமிலத்தால் சிதைத்துச் செய்யப்பட்டு, அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர்ச் சிற்றுண்டிக் கடைகளில் இன்றும் அந்தப் பெயர் புழங்குகிறது. 1956-இலிருந்து செய்முறை மாறிவிட்டது. கரும்பு ஆலைக் கழிவுப் பாகு போன்ற சர்க்கரைப் பொருள்களில் ஒருவகைப் பாக்டீரியாவை வளர்த்தால், அதுவே குளூட்டாமிக் அமிலத்தைச் செய்து வெளியே விடுகிறது.

டாஷியின் இரண்டாவது பொருளுக்கு வருவோம். அதன் பெயர் கட்சுவோபுஷி. இதைப் பார்த்தால் நம் தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்து மாணவர்களுக்கும் இலங்கை மாணவர்களுக்கும் உடனே ஒன்று நினைவுக்கு வரும். மாசிக் கருவாடு! உறவு மெய்யானதே. இரண்டும் ஒரே மீன், சூரை. மாலத்தீவில் சூரையைப் பிளந்து வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் கட்டை போலாகும் வரை காய வைக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த இபன் பதூதா இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜப்பானியரும் அதையே செய்கிறார்கள்; முடிவில் ஒரு படி கூடுதல். உலர்ந்த கட்டையின்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தை வேண்டுமென்றே வளரவிட்டு, வெயிலில் உலர்த்தி, மறுபடி வளரவிடுகிறார்கள். பூஞ்சணம் உள்ளிருக்கும் கடைசி ஈரத்தையும் உறிஞ்சுகிறது, கொழுப்பையும் சிதைக்கிறது. மாதக்கணக்கில் இப்படிச் செய்தால், பச்சை மீனின் எடையில் ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோதான் மிஞ்சும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் தேக்குச் சட்டங்களைப் போல் ஒலிக்கும். அறுக்க முடியாது, தச்சரின் இழைப்புளியைப் போன்ற கருவியால் சீவ வேண்டும்.

இக்கேடாவின் மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913-இல் கட்சுவோபுஷியை ஆராய்ந்தார். அதில் உமாமி தருவது குளூட்டாமிக் அமிலம் அன்று. இனோசினிக் அமிலம் என்று கண்டார். இங்கேதான் வேடிக்கை. குளூட்டமேட்டையும் இனோசினேட்டையும் சேர்த்தால், சுவை இரட்டிப்பாகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? தனித் தனியே இருந்ததைக் காட்டிலும் ஏழெட்டு மடங்கு ஓங்குகிறது. 1957-இல் அகிரா குனினாகா என்பவர் இதை அளந்து காட்டினார். பாசியையும் மீனையும் ஒரே பானையில் போட வேண்டும் என்று சமையற்காரர்கள் எப்படிக் கண்டார்கள்? நாக்குதான் அவர்களுடைய தராசு.

காரணம் 2000-க்குப் பிறகே விளங்கிற்று. சுவை மொட்டின் செல்களில் உமாமிக்கென்றே ஏற்பி மூலக்கூறுகள் இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பியின் வெளிப்பகுதி, பூச்சியைப் பிடிக்கும் செடியின் இலையைப் போல் இரண்டு மடல் கொண்டது. குளூட்டமேட் நடுவில் வந்து அமர்ந்ததும் மடல்கள் மூடுகின்றன. இனோசினேட் விளிம்பில் ஒட்டிக் கொண்டு, மூடிய மடல் திறந்துவிடாமல் பிடித்துக் கொள்கிறது. மூடியிருக்கும் நேரம் நீள நீள, மூளைக்குச் செல்லும் செய்தியும் வலுக்கிறது. ஐந்தாம் சுவையை உலகம் ஐயமின்றி ஏற்றுக் கொள்ள இக்கேடாவுக்குப் பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

இதை உணர ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. நன்கு பழுத்த சிறு தக்காளி ஒன்றை வாயிலிட்டு, விழுங்காமல் முப்பது முறை மென்று பாருங்கள். புளிப்பும் இனிப்பும் முதலில் வந்து மறையும். பிறகு நாவின்மேல் மெல்லப் படர்ந்து நிற்பது எதுவோ, அதுவே உமாமி. தாய்ப்பாலிலும் குளூட்டமேட் நிறைய உண்டு. ஆகவே நாம் எல்லோரும் சந்தித்த பழைய சுவைதான் இது.

"அஜினோமோட்டோ ஆபத்து என்கிறார்களே?" என்று யாராவது கேட்பீர்கள். அந்தப் பேச்சு 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கடிதத்திலிருந்து கிளம்பியது. சீன உணவு விடுதியில் சாப்பிட்ட பின் தமக்குக் கழுத்து மரத்துப் போவதாகவும் நெஞ்சு படபடப்பதாகவும் ஒரு மருத்துவர் எழுதி, சோயா சாஸா, சமையல் மதுவா, உப்பா, குளூட்டமேட்டா என்று வினவினார். வினா மறைந்து, குளூட்டமேட் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. பின்னர், எதில் அந்தப் பொருள் இருக்கிறது என்று உண்பவருக்கும் தெரியாமல், கொடுப்பவருக்கும் தெரியாமல் பல சோதனைகள் நடத்தினர். வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் கொடுத்தபோது சிலருக்குச் சற்று நேரம் தலைவலி போன்றவை வந்தன. உணவோடு வழக்கமான அளவில் கொடுத்தபோது உறுதியான விளைவு எதுவும் தெரியவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கடைகளில் நாம் அஞ்ச வேண்டியது பழைய எண்ணெய்க்கும் அள்ளிப் போடும் உப்புக்கும்தான்.

மீன் துண்டும் கடுகும்

அதோ சஷிமி வந்துவிட்டது; சமைக்காத மீன் துண்டுகள். முகம் சுளிக்காதீர்கள். உயிருள்ள மீனின் தசையில் ஆற்றலைத் தாங்கி நிற்பது ஏ.டி.பி. என்ற பொருள். மீன் இறந்ததும் அது படிப்படியாகச் சிதையத் தொடங்குகிறது. இடையில் வரும் ஒரு படிதான் நாம் மேலே பார்த்த இனோசினிக் அமிலம். ஆகவே பிடித்த அந்தக் கணத்தில் மீன் மிகச் சுவையாயிருக்கும் என்பது சரியன்று. சற்று நேரம் கழித்தே உமாமி கூடுகிறது. இன்னும் வைத்திருந்தால் அதுவும் சிதைந்து கசக்கும் பொருளாகிவிடும். இந்தச் சிதைவுப் பொருள்களின் விகிதத்தை அளந்து மீனின் புதுமையைச் சொல்லும் 'கே-மதிப்பு' முறையை ஜப்பானியர் 1959-இல் வகுத்தனர். 20 சதவீதத்துக்குக் குறைவாயிருந்தால் பச்சையாக உண்ணத் தகும்.

அபாயம் இல்லாமலில்லை. கானாங்கெளுத்தி, கணவாய் முதலியவற்றில் அனிசாகிஸ் என்ற 2, 3 செ.மீ. நீளமுள்ள புழுக் குஞ்சுகள் இருப்பதுண்டு. உயிரோடு உள்ளே போனால் இரைப்பைச் சுவரைக் குத்தி, பொறுக்க முடியாத வலியைத் தரும். புளிக்காடியோ வஸாபியோ அதைக் கொல்லாது. கொல்வன இரண்டே: நல்ல சூடு, அல்லது உறையிட்டு -20 டிகிரியில் முழுதாக 24 மணி நேரம்.

வஸாபி என்றேனே, மீனுக்கருகில் இருக்கும் அந்தப் பச்சை விழுது. கடுகுக் குடும்பத்துச் செடியின் தண்டைத் துருவியது. அசல் வஸாபி விலை அதிகமாதலால், மலிவான கடைகளில் அதே குடும்பத்து வேறொரு வேரை அரைத்துப் பச்சை நிறம் ஊட்டி வைப்பார்கள். காரம் நாக்கில் அல்ல, மூக்கில் ஏறும். செடியின் செல்லுக்குள் சினிகிரின் என்ற பொருளும் அதைச் சிதைக்கும் நொதியும் தனித் தனி அறைகளில் இருக்கின்றன. துருவும்போது சுவர் உடைந்து இரண்டும் கலந்து, ஆவியாகிப் பறக்கும் ஒரு கந்தகப் பொருள் பிறக்கிறது. நம் கடுகிலும் இதே கதைதான். ஊறுகாய்க்கு அரைத்த கடுகு மூக்கைத் துளைக்கிறது. எண்ணெயில் தாளித்த கடுகு துளைப்பதில்லை. ஏனென்றால் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. இந்த ஆவியைத் தூங்குகிறவர் முகத்தில் தெளித்து எழுப்பும் தீ எச்சரிக்கைக் கருவி ஒன்றை, காது கேளாதோருக்காக ஜப்பானியர் சிலர் அமைத்து, 2011-இல் 'இக் நோபல்' என்ற வேடிக்கைப் பரிசைப் பெற்றனர். வேடிக்கைதான்; ஆனால் மணி ஒலி கேளாதவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நல்ல பூஞ்சணமும் கெட்ட பூஞ்சணமும்

மேசையைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். மீனுக்குத் தொட்டுக் கொள்ளச் சோயா சாஸ். கத்தரிக்காயின்மேல் தடவியிருப்பது மிசோ விழுது. பெரியவர்களின் கிண்ணத்தில் சாக்கே. ஊறுகாய்க்கு ஊற்றிய காடி. இவ்வளவிலும் ஒரு நுண்ணுயிரின் வேலை இருக்கிறது. அதன் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைஸே; ஜப்பானியர் அது படர்ந்த தானியத்தைக் கோஜி என்பர். நம் இட்லி மாவைப் பொங்கச் செய்வன பாக்டீரியாக்கள். அவர்களோ பூஞ்சணத்தைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆவியில் வெந்த அரிசியின்மேல் அதன் வித்துகளைத் தூவி, 30 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் ஈரமான அறையில் இரண்டு நாள் வைத்தால், அரிசி முழுதும் வெண்பஞ்சு படர்ந்து இனிய மணம் வீசும். பூஞ்சணத்துக்கு வாயில்லை. ஆகவே நொதிகளை வெளியே கக்கி, மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும், புரதத்தை அமினோ அமிலங்களாகவும் வெளியிலேயே செரிக்க வைத்து உறிஞ்சிக் கொள்கிறது. சோயாவிலும் கோதுமையிலும் அதை வளர்த்து, உப்பு நீரில் அரை ஆண்டுக்கு மேல் ஊறவிட்டுப் பிழிந்தால் சோயா சாஸ். அதன் சுவைக்கு முக்கியமான காரணம், புரதத்திலிருந்து விடுபட்ட நம் பழைய நண்பர் குளூட்டாமிக் அமிலமே.

இந்த நொதிகளைப் பிரித்தெடுத்து மருந்தாக்கலாம் என்று எண்ணிய ஜோக்கிச்சி டாக்காமினே, அமெரிக்காவில் 1894-இல் உரிமம் பெற்றார். 'டாக்கா டயஸ்டேஸ்' என்ற அந்தச் செரிமான மருந்து உலகெங்கும் விற்றது.

1960-ஆம் ஆண்டு இந்த நல்ல நண்பன்மேலேயே ஐயம் விழுந்தது. அவ்வாண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியவில்லை. துப்புத் துலக்கியபோது, அவை தின்ற தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது தெரிந்தது. பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம். அது சுரந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். கல்லீரலை அழிப்பது, சிறு சிறு அளவில் நெடுநாள் உட்கொண்டால் ஈரல் புற்றுநோயைத் தருவது. சமையல் சூட்டுக்கு எளிதில் அழியாதது. 1974-இல் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளின் சிற்றூர்களில், மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றித் தின்ற ஏழை மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இந்த நஞ்சால் மாண்டனர்.

பெயரைக் கவனித்தீர்களா? ஃபிளேவஸ், ஒரைஸே இரண்டும் ஆஸ்பெர்ஜில்லஸ். நுண்ணோக்கியில் பார்த்தாலும் அண்ணன் தம்பி போலிருக்கும். அப்படியானால் ஜப்பானியர் நாள்தோறும் உண்ணும் மிசோ? சோயா சாஸ்? கலவரப்பட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள், தொழிற்சாலைகளிலிருந்த கோஜி வகைகளை நூற்றுக்கணக்கில் திரட்டிச் சோதித்தார்கள். புற ஊதாக் கதிர் பட்டால் அஃப்ளாடாக்சின் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும்; ஆகவே சோதிக்க வழியிருந்தது. கோஜி எதுவும் நஞ்சைச் சுரக்கவில்லை. ஏன் என்பதற்கு விடை, 2005-இல் அதன் மரபுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது தெளிவாயிற்று. நஞ்சு செய்யும் மரபணுக் கூட்டம் கோஜியிலும் இருக்கிறது. ஆனால் அங்குமிங்கும் சிதைந்தும், சில இனங்களில் பாதி உதிர்ந்தும், வேலை செய்யாத பழைய இயந்திரம் போல் கிடக்கிறது. காட்டு நாயை வீட்டு நாயாக்கியது போல், பல நூறு ஆண்டுகளாக மனிதர் நல்ல வித்துகளையே தேர்ந்தெடுத்து வளர்த்ததன் பயன். ஜப்பானில் கோஜி வித்துகளை மட்டுமே விற்கும் குடும்பங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. மரச் சாம்பலைத் தூவி வித்து வளர்ப்பது அவர்கள் முறை. சாம்பலின் காரத்தன்மையை மற்ற கிருமிகள் தாங்குவதில்லை. கோஜி தாங்கிக் கொள்கிறது.

இதைப் படித்துவிட்டு, உங்கள் வீட்டு வேர்க்கடலையில் பூத்திருக்கும் பச்சைப் பூஞ்சணத்தைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பாதீர்கள். அது கெட்ட அண்ணனாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. துடைத்துவிட்டுத் தின்னவும் கூடாது, குப்பையில் கொட்டுங்கள்.

சோயா சாஸில் இன்னொரு சங்கதி உண்டு. அதில் உப்பு ஏறக்குறைய 16 சதவீதம். ஒரு மேசைக் கரண்டியில் இரண்டரை கிராம்; உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வகுத்த 5 கிராமில் பாதி. குளிர் மிகுந்த வடகிழக்கு ஜப்பானில், மிசோவும் உப்பு ஊறுகாயுமாக, 1950-களில் ஒருவர் நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு தின்றார். 1951 முதல் 1980 வரை ஜப்பானில் மிகுதியான மரணங்களுக்குக் காரணம், மூளை இரத்தக் குழாய் வெடித்தோ அடைத்தோ வரும் பக்கவாதம். பிறகு உப்பைக் குறைக்கும் இயக்கம் ஊரூராக நடந்தது. இன்று அந்த அளவு சுமார் 10 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. டாஷி கைகொடுத்தது இங்கேதான். உமாமி மிகுந்தால் உப்புக் குறைவது நாக்குக்குத் தெரிவதில்லை.

யாக்கிடோரியை மறந்துவிட்டேனே! மூங்கில் குச்சியில் கோத்த கோழித் துண்டுகள். நல்ல கடைகளில் பின்சோட்டான் என்ற கரியில் வாட்டுவார்கள். ஒருவகை ஓக் மரத்தை எரித்து, இறுதியில் சூட்டை 1000 டிகிரி வரை ஏற்றி, தணலாக வெளியே இழுத்து ஈரச் சாம்பலால் மூடிச் செய்வது. கிட்டத்தட்ட முழுதும் கார்பன். தட்டினால் உலோகம் போல் கணீரென்னும். ஆவியாகும் பொருள்கள் எரிந்து தீர்ந்துவிட்டதால் புகை மிகக் குறைவு. அகச்சிவப்புக் கதிர்களின் வெப்பமே இறைச்சியை வாட்டுகிறது. புகையில்லை என்பதால் மூடிய அறையில் வைக்கலாம் என்று எண்ணுவது பெருந்தவறு; கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு அதிலும் உண்டு.

சிவந்த முகங்கள்

இப்போது பக்கத்து மேசையைப் பாருங்கள். உற்றுப் பார்க்காமல் பாருங்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அரைக் கோப்பைதான் ஆகியிருக்கிறது. இரண்டு பேருக்கு முகம் செம்பருத்திப் பூவாகச் சிவந்துவிட்டது. மற்ற மூவருக்கு ஒன்றுமில்லை. சிவந்தவர்கள் அதிகம் குடித்துவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள்.

உடலுக்குள் போகும் ஆல்கஹாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இது நஞ்சு. அடுத்த நொதி உடனே அதைத் தீங்கற்ற அசிட்டிக் அமிலமாக மாற்றிவிட வேண்டும். அந்த நொதி ஐந்நூறு அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் 487-ஆவது மணியாக இருக்க வேண்டியது குளூட்டாமிக் அமிலம். ஆம், அதே அமிலந்தான்! டி.என்.ஏ-வில் ஓர் எழுத்து மாறினால் அந்த இடத்தில் லைசின் வந்து உட்கார்ந்து விடுகிறது. அவ்வளவே, நொதி முடங்கிப் போகிறது. நான்கு சங்கிலிகள் கூடி வேலை செய்யும் நொதியாதலால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றத்தைப் பெற்றவருக்கும் பெரும்பகுதி பழுதாகிவிடும். ஜப்பானியர் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு இந்த நிலை. அசிட்டால்டிஹைடு இரத்தத்தில் தேங்க, முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, குமட்டுகிறது. அதையும் மீறி நாள்தோறும் குடிப்பவருக்கு உணவுக் குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்புப் பன்மடங்கு கூடுகிறது.

1980-களில் ஜப்பானியக் கல்லூரிகளில் 'இக்கி! இக்கி!' என்று கூச்சலிட்டு, புது மாணவனை ஒரே மூச்சில் கோப்பையைக் காலி செய்ய வைக்கும் வழக்கம் பரவியது. 1985-இல் அந்தச் சொல் ஆண்டின் புகழ்பெற்ற சொற்களில் ஒன்றாகப் பரிசு கூடப் பெற்றது. மூச்சுத் திணறியும் மயங்கியும் இறந்த மாணவர்களின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகுதான் அது விளையாட்டல்ல என்று நாட்டுக்கு உறைத்தது. இறந்தவர்கள் கோழைகளல்லர், 'பழகினால் சரியாகிவிடும்' என்ற சொல்லை நம்பியவர்கள். மரபணுவுக்குப் பழக்கம் ஏது?

1980-களிலேயே அங்கு ஓர் எளிய சோதனையும் வந்தது. எரிசாராயம் தோய்ந்த சிறு ஒட்டுத் துணியை முழங்கையின் உட்புறத்தில் 7 நிமிடம் ஒட்டி எடுப்பார்கள். தோலிலுள்ள நொதிகளே வேலையைச் செய்துவிடும். பத்து நிமிடம் கழித்து அந்த இடம் சிவந்திருந்தால் அவருக்கு அந்த மாற்றம் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுகின்றன. கையில் அரை அங்குலச் சிவப்புச் சதுரத்தோடு வெளியே வரும் மாணவர், அடுத்த வாரம் நண்பர்களோடு இஸகாயாவுக்குப் போகத்தான் போகிறார்; எடமாமேயும் யாக்கிடோரியும் உண்ணத்தான் போகிறார். அவருக்கும் ஓர் ஊலாங் தேநீர்.